தச்சுப் பையனின் ஒப்பந்தம்

இத்தாலியில் பெக்கி என்னும் சிற்றூரில் 1815-ஆம் ஆண்டு ஏழை உழவர் வீட்டில் பிறந்தவர் புனித தொன் போஸ்கோ. இரண்டு வயது நிரம்புமுன் தந்தையை இழந்தார். பண்ணையில் மாடு மேய்த்தும், தையல் கற்றும் பாடுபட்டுப் படித்து, 1841-இல் குருவானார்.

தூரின் நகரில் வேலை தேடி வந்த சிறுவர்களுக்கு அன்று கூலி குறைவு, அடியோ மிகுதி. அடிகளார் வேலைத்தலங்களுக்கே சென்று அவர்களைப் பார்த்து வந்தார். 1852 பிப்ரவரி 8 அன்று ஒடாசோ என்ற பையனுக்காகத் தச்சு மேஸ்திரி ஒருவருடன் முத்திரைத்தாளில் ஒப்பந்தம் எழுதி, தாமும் கையொப்பமிட்டார். இரண்டாண்டில் தொழிலைக் கற்றுத்தர வேண்டும். கூலியைப் படிப்படியாக உயர்த்த வேண்டும். தொழிலுக்குப் புறம்பான வேலை ஏவலாகாது. வாயால் திருத்தலாம், கை நீட்டலாகாது. ஆண்டுக்குப் 15 நாள் விடுமுறை. பையனை வீட்டு வேலைக்கும் ஏவிப் பழகிய மேஸ்திரிகளுக்கு இது கசந்திருக்கும்!

1856-இல் தம் இல்லத்திலேயே தச்சுப் பட்டறை திறந்தார். 1888 ஜனவரி 31-இல் இறைவனடி சேர்ந்தார். அவர் சபையினர் 1906-இல் தஞ்சாவூருக்கு வந்தனர்.

எங்கள் வள்ளூர்ப் பக்கம் பள்ளி முடித்துச் சென்ட்ரிங் தச்சு வேலைக்குப் போகும் அண்ணன்மார் பலர் வாய்ச்சொல்லை நம்பியே போகிறார்கள். நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொழில் பழகுநராகச் சேர ஒப்பந்தம் வேண்டும். வயது நிரம்பாதவருக்காக அதைச் செய்துகொள்ள வேண்டியவர் பெற்றோர் அல்லது காப்பாளர்.