வீட்டை விழுங்கிய இங்கிலீஷ் புத்தகம்!
துப்பறியும் கதை மன்னன் வடுவூராரின் கதை

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கம் ஷிப்ட் முடிந்து லோக்கல் ரயில் ஏறுகிறவர்கள் கையில் மடக்கிய பாக்கெட் நாவல் இருந்த காலம் உண்டு. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தால் போதும். சென்ட்ரல் வருவதற்குள் கொலைகாரன் யார் என்று தெரிந்துவிடும்.

அந்த நாவல்களுக்கெல்லாம் பாட்டனார் வரிசையில் நிற்பவர் வடுவூர் கே.துரைசாமி அய்யங்கார். 1880-ல் பிறந்தவர். வடுவூர் இருப்பது மன்னார்குடி பக்கம், இன்றைய திருவாரூர் மாவட்டத்தில். (திருவள்ளூர் அல்ல. தபாலிலேயே மாறிப்போகிற பெயர்கள் இவை!)

தாசில்தார் வேலையை விட்டார்

படித்தவர். தாசில்தாராக இருந்தார். அந்தக் காலத்தில் தாசில்தார் என்றால் ஊரே எழுந்து நிற்கும். அதை உதறிவிட்டுக் கதை எழுத வந்தார். வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று நாமே யூகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

சென்னை திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோட்டில் குடியேறினார். மனோரஞ்சனி என்ற பத்திரிகை நடத்தினார். நாவல்கள் வரிசையாக வந்தன. இங்கிலீஷ் நாவல்களைத் தழுவி எழுதினாலும், படிக்கிறவனுக்கு அது சீமைக் கதை என்றே தோன்றாது. கும்பகோணம் வக்கீலும் மாமியார் வீட்டுச் சண்டையும் அதில் இருக்கும். மேனகா நாவலில் கட்டிய மனைவியையே புருஷன் வீட்டுப் பெண்கள் சதி செய்து விற்றுவிடுகிறார்கள். படித்தவர்கள் பதறிப் போனார்கள்.

இவருடைய துப்பறியும் ஆசாமி தொப்பி போட்ட துரை அல்ல. திகம்பர சாமியார்! போலீசில் புகார் கொடுக்கும் முன்னே சாமியார் வேஷம் மாற்றிப் போய் நிற்பார். கிரைம் செய்திக்காக ஸ்டேஷன் ஸ்டேஷனாக அலையும் எனக்கு, அப்படி ஒரு சாமியார் கிடைத்தால் எவ்வளவு சௌகரியம்!

எகிப்து ராஜா

எல்லாம் நன்றாகத்தான் போனது. பிறகு இவருக்கு சரித்திர ஆராய்ச்சியில் பித்துப் பிடித்தது. கதையில் துப்பறிந்தவர், நிஜத்திலும் துப்பறியக் கிளம்பிட்டார். பழங்கால எகிப்து ராஜாக்கள் அய்யங்கார்கள்தான் என்று முடிவு கட்டினார். பெயர்களைப் பிரித்துப் பிரித்து ஆதாரம் தேடினார். லாங் மிஸ்ஸிங் லிங்க்ஸ் என்ற பெயரில் இங்கிலீஷில் பெரிய புத்தகமாகவே போட்டார், சொந்தக் காசில்.

வாங்க ஆள் இல்லை. பண்டிதர்களும் சீந்தவில்லை. கதையில் பத்து ரூபாய் நோட்டு காணாமல் போனாலும் கண்டுபிடிக்கிற மனுஷர், தன் கைப்பணம் போகும் வழியைப் பார்க்கவில்லை. கடன் ஏறியது. நாவல் எழுதிச் சம்பாதித்துக் கட்டிய பைகிராப்ட்ஸ் ரோடு வீட்டை விற்றார். பட்டணத்தை விட்டே போனார். 1942-ல் காலமானார்.

லண்டனிலும் நியூயார்க்கிலும் 1934-லேயே ஷெர்லக் ஹோம்சுக்குச் சங்கம் வைத்துவிட்டார்கள். இல்லாத ஒரு துப்பறிவாளனின் நண்பர் வாட்சன் தோளில் அடிபட்டாரா, காலில் அடிபட்டாரா என்றுகூட பெரிய மனிதர்கள் கூடி விவாதிக்கிறார்கள். நம்ம திகம்பர சாமியாருக்கு சினிமா கைகொடுத்தது. 1935-ல் மேனகா படமானது, என்.எஸ்.கிருஷ்ணன் திரையில் தலைகாட்டிய முதல் படம் அதுதான். 1950-ல் மாடர்ன் தியேட்டர்ஸ் திகம்பர சாமியாரை எடுத்தது. நம்பியார் விதவிதமான வேஷத்தில் வந்து கலக்கினார்.

எழுதியவர் போய் அப்போது எட்டு வருஷம் ஆகியிருந்தது.