சூரிய ராணியும் கல்கண்டு நூலும்



என் மகள் கும்பகோணத்தில் பி.எஸ்ஸி. வேதியியல் படிக்கிறாள். போன பரீட்சையில் ஒரு பேப்பர் போய்விட்டது. இனிமேல் காலேஜ் பக்கமே போக மாட்டேனென்று மூலையில் உட்கார்ந்துவிட்டாள். நூலகத்தில் நான் படித்த ஒரு பெண்ணின் கதையை அவளுக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மரியா டெல்கெஸ் 1900-ல் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் பிறந்தவர். 1924-ல் டாக்டர் பட்டம் வாங்கினார். மறுவருஷமே அமெரிக்கா போனார். பகல் வெயிலைப் பிடித்து வைத்து ராத்திரிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதே அவருக்கு எப்போதும் நினைப்பு. சூரிய ராணி என்றே அவரைச் சொல்வார்களாம்.

1948-ல் டோவர் என்ற குளிர் ஊரில் வெயிலாலேயே சூடாகும் வீடு ஒன்று எழுந்தது. பணம் போட்டவர் அமேலியா பீபடி, பிளான் போட்டவர் எலினார் ரேமண்ட், வெப்பத்துக்கு வழி செய்தவர் டெல்கெஸ். மூன்று பேருமே பெண்கள்! வீட்டுக்குள் டன் கணக்கில் கிளாபர் உப்பை டப்பாக்களில் அடைத்து வைத்தார். இது நம் வேதாரண்யம் உப்பு இல்லை; தண்ணீரையும் தன் படிகத்துக்குள் பிடித்து வைத்திருக்கும் சோடியம் சல்பேட். சுமார் 32 டிகிரி செல்சியஸில் உருகும். உருகும்போது வெப்பத்தை வாங்கி வைத்துக்கொள்ளும், குளிர்ந்து உறையும்போது திருப்பிக் கொடுத்துவிடும்.

இரண்டு குளிர்காலம் நன்றாக ஓடியது. மூன்றாவதில் காலை வாரிவிட்டது. கடைசியில் சாதாரண ஹீட்டரே வைக்க வேண்டியதாயிற்று.

ஏன் அப்படி? உருகி உருகி உறைந்ததில், கரையாத உப்பு அடியில் தங்கி, தண்ணீர் மேலே நின்றுவிட்டது. இந்த உப்புக்கு இன்னொரு குறையும் உண்டு. சில சமயம் எவ்வளவு குளிர்ந்தாலும் உறையாமல் அடம் பிடிக்கும்.

இரண்டுக்கும் வைத்தியம் நம் அடுக்களையிலேயே இருக்கிறது தோழிகளே! கல்கண்டு செய்யப் பாகில் நூல் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா? அதுபோல உப்பில் கொஞ்சம் வெங்காரம் சேர்த்தால், அதைப் பிடித்துக்கொண்டு படிகம் வளரும். வெறும் தண்ணீரில் கரைத்த அரிசிமாவு அடியில் தங்கும். கூழாகக் காய்ச்சினால் தங்காது. அதுபோல ஒருவகைக் களிமண்ணைச் சேர்த்து உப்பைக் கெட்டியாக்கினார் டெல்கெஸ். வெங்காரத்தைப் பற்றி அவர் எழுதியது 1952-ல். களிமண் கலவைக்குக் காப்புரிமை வாங்கியது 1976-ல். டெலவேர் பல்கலைக்கழகம் 1973-ல் கட்டிய சூரிய வீட்டிலும், எழுபதைத் தாண்டிய வயதில், மறுபடி உப்பையே வைத்தார். 1995-ல், 95 வயது நிறையப் பத்து நாள் இருக்கையில், பிறந்த ஊரிலேயே காலமானார்.

 58 டிகிரியில் உருகும் சோடியம் அசிட்டேட் மாதிரி வேறு உப்புகளும் உண்டு. அவற்றுக்கும் இதே இரண்டு வைத்தியம்தான். வெயிலைச் சேமித்து வைக்கும் உலர்த்திகளைப் பற்றி ஆராய்ச்சி நடக்கிறது. ஐப்பசி மழையில் குறுவை நெல்லைக் காயவைக்க முடியாமல், முளைவிடுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருப்போமே, நமக்கல்லவா அது வேண்டும்!

ஒருமுறை தோற்றது உப்பு. அந்தப் பெண் தோற்கவில்லை. என் மகளும் அந்த ஒரு பேப்பருக்குப் பணம் கட்டிவிட்டாள்.

– வாசகி ஒருத்தி, பாபநாசம், தஞ்சை மாவட்டம்.