லியோ பேக்லண்டு

பெல்ஜிய நாட்டின் கெண்ட் நகரில், செருப்புத் தைக்கும் தொழிலாளி ஒருவரின் மகனாக, 1863ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் லியோ பேக்லண்டு பிறந்தார். தாயார் பிறர் இல்லங்களில் பணிபுரிந்தவர். அன்னையின் ஊக்கத்தால் கல்வியைத் தொடர்ந்த அவர், 1884இல் கெண்ட் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். 1889இல் மனைவியுடன் அமெரிக்கா சென்றார். ஆங்கு, விளக்கொளியிலேயே படம் அச்சிடத்தக்க வெலாக்ஸ் என்னும் தாளை ஆக்கினார். அதன் உரிமையை 1899இல் ஜார்ஜ் ஈஸ்ட்மன் பெரும் பொருள் தந்து வாங்கினார். அச்செல்வம் வாழ்நாள் முழுதும் ஓய்ந்திருக்கப் போதும். பேக்லண்டோ யாங்கர்ஸ் நகரில் ஆய்வுக்கூடம் அமைத்தார்.

மின்சாரம் பரவத் தொடங்கிய காலம் அது. மின்கருவிகளின் காப்புப் பூச்சுக்கு அவலரக்கே பெரிதும் பயன்பட்டது. அதுவோ நம் நாட்டுக் காடுகளில் அரக்குப் பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் பிசினால் ஆவது. தேவை பெருகிற்று என்று பூச்சிகள் விரைந்து உழைக்குமா? ஆதலின், செயற்கை அரக்கு ஒன்றை ஆக்க அவர் முற்பட்டார்.

பார்மால்டிஹைடு என்பது பிற பொருள்களோடு விரைந்து கூடும் இயல்புடைய சிறிய மூலக்கூறு. பீனால் மூலக்கூறுகளுக்கிடையே அது பாலம்போல் நின்று, அவற்றைப் பெரிய வலையாகப் பிணைக்கும். இவ்விரண்டும் கூடிப் பிசினாவதை ஜெர்மானிய அறிஞர் பேயர் 1872இலேயே கண்டார். ஆயினும், எதிலும் கரையாது கலத்தில் ஒட்டிக்கொண்ட அதனை வேதியியலார் தொல்லையாகவே கருதினர். வினை கடுமையாக நிகழின் குமிழிகள் எழுந்து, பொருள் நுரைத்துத் துளைபட்டுப் போகும். அதனால், வினையைத் தணிக்கவே பலரும் முயன்றனர்.

பேக்லண்டும் முதலில் கரையும் அரக்கையே தேடினார். அவ்வாறு கிடைத்த நோவலாக் நன்கு விலைபோகவில்லை. பின்னரே அவர் எதிர்வழியில் சென்றார். கரையாமையையே நன்மையாகக் கொண்டு, வெப்பத்தை மிகுத்தார். மூடிய இரும்புக் கலத்தில் அழுத்தத்தையும் மிகுத்தார். அழுத்தம் குமிழிகளை அடக்கிற்று. 1907இல், அச்சின் வடிவை அப்படியே ஏற்ற கடினமான பொருள் கிடைத்தது. ஒருமுறை இறுகியபின் அது உருகாது, மின்சாரத்தையும் கடத்தாது. முழுதும் செயற்கையாக ஆக்கப்பட்ட முதற் பிளாஸ்டிக்காகிய அதற்குப் பேக்லைட்டு எனத் தம் பெயரையே சூட்டினார். 1909 பிப்ரவரியில் அமெரிக்க வேதியியல் கழகத்தின் நியூயார்க் கூட்டத்தில் அதனை உலகறியச் செய்தார்.

தொலைபேசி, வானொலிப் பெட்டி, மின்சுவிட்சு, வாணலியின் பிடி என அது புகாத இடமில்லை. கீழே விழுந்தால் உடைவது அதன் குறை. பிற்காலத்தில் வேறு பிளாஸ்டிக்குகள் வீட்டுப் பொருள்களில் அதன் இடத்தைப் பெரும்பாலும் கைப்பற்றின. எனினும், ஒட்டுப்பலகையின் பசையிலும், வண்டிகளின் பிரேக்குப் பட்டைகளிலும் அவ்வினப் பிசின் இன்றும் உள்ளது.

பேக்லண்டு 1944 பிப்ரவரி 23இல் மறைந்தார். அவர் பயன்படுத்திய அழுத்தக் கலம் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளது.