மண்டையோட்டில் தலையெழுத்தைத் தேடியவர்

நம்ம வீட்டுப் பெரியவர்கள் எதற்கெடுத்தாலும் தலையெழுத்து என்பார்கள். பிரம்மா மண்டையில் எழுதிவிட்டாராம், இனி மாற்ற முடியாதாம். இத்தாலியில் ஒரு மருத்துவர் உண்மையிலேயே ஒரு மண்டையோட்டைக் கையில் எடுத்து, அதில் குற்றவாளியின் தலையெழுத்தைப் படித்துவிட்டதாக நம்பினார். அவர் பெயர் சேசரே லொம்ப்ரோசோ. குற்றவியல் படிக்கப் போகும் நம் பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே இந்தப் பெயரைச் சந்திப்பார்கள். படிக்காதவர்களும் இவரைத் தெரிந்துகொள்வது நல்லது. ஏன் என்று பிறகு புரியும்.

1835-இல் வெரோனா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். மருத்துவம் படித்து இராணுவ மருத்துவரானார். அங்கே அவர் கண்ணில் பட்டது, சிப்பாய்களின் உடம்பில் குத்தியிருந்த பச்சை. ஒழுங்கான சிப்பாய்க்கும் தொல்லை கொடுக்கும் சிப்பாய்க்கும் பச்சையிலேயே வித்தியாசம் தெரிகிறது என்று எண்ணினார். உடம்பைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் அங்கே தொடங்கியது.

பிறகு வந்ததுதான் அந்த மண்டையோடு. தெற்கே கலாப்ரியாவைச் சேர்ந்த வில்லெல்லா என்ற ஏழை, திருட்டுக்காகச் சிறை வைக்கப்பட்டவர். அவர் இறந்தபின் மண்டையோட்டை ஆராய்ந்த லொம்ப்ரோசோ, பின்பக்கத்தில், சாதாரணமாக மேடு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு குழியைக் கண்டார். சில விலங்குகளுக்கு இருப்பது போன்ற குழி. அவ்வளவுதான்! குற்றவாளி என்பவன் பரிணாமத்தில் பின்தங்கிப் பிறந்தவன் என்று முடிவு கட்டிவிட்டார். ஒரே ஒரு மண்டையோட்டை வைத்து இவ்வளவு பெரிய கோட்டை!

1876-இல் புத்தகம் வந்தது. பெரிய தாடை, நீண்ட கை, துருத்திய காது, பச்சை, வலி உறைக்காத தோல் என்று அடையாளங்களை அடுக்கினார். ஐரோப்பா முழுக்கப் பேச்சு. ஏழைத் தெற்கு இத்தாலிக்காரர்களை வடக்கத்தியர்கள் ஏளனமாகப் பார்த்த காலம் அது. அந்த ஏளனத்துக்கு இவர் அறிவியல் சட்டை போட்டுவிட்டார். யூதராக, தானும் முன்முடிவுக்கு ஆளாகக்கூடியவர் இதைச் செய்தாரே என்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் பெக்காரியா என்ற இத்தாலியர், 1764-இல், செய்த குற்றத்துக்கு ஏற்ற அளவில் தண்டனை என்று எழுதி, சித்திரவதையையும் மரண தண்டனையையும் எதிர்த்திருந்தார். லொம்ப்ரோசோ, குற்றத்தை மட்டும் பார்க்காதே, செய்த ஆளைப் பார் என்றார். சந்தர்ப்பத்தால் தவறியவனையும் மனநோயாளியையும் ஒரே சிறையில் அடைப்பது தவறு, சிறுவர்களைத் தனியே வைத்துத் திருத்த வேண்டும் என்றார். இன்று நன்னடத்தைக் கண்காணிப்பில் விடுவது, சிறார் நீதிமன்றம் என்றெல்லாம் இருப்பதற்கு இந்தப் பார்வையும் ஒரு காரணம். அதே வாயால், பிறவிக் குற்றவாளி திருந்தமாட்டான், அவனை நிரந்தரமாக அடைத்து வை, தேவைப்பட்டால் கொன்றுவிடு என்றும் சொன்னார். ஒரே கோட்பாடு ஒருத்தனுக்குக் கதவைத் திறக்கிறது, இன்னொருத்தனுக்குப் பூட்டுகிறது.

வயதாக வயதாகக் கொஞ்சம் இறங்கி வந்தார். வறுமை, குடி, கல்வி, விலைவாசி எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார். பிறவிக் குற்றவாளிகள் மூன்றில் ஒரு பங்குதான் என்று குறைத்துக்கொண்டார். 1897-இல் ரஷ்யா போய் டால்ஸ்டாயைச் சந்தித்தார். தண்டிக்கும் உரிமையே மனிதனுக்குக் கிடையாது என்று நினைத்த டால்ஸ்டாயிடம் இவர் வாதம் எடுபடவில்லை. 1909-இல் டூரின் நகரில் காலமானார்.

நான்கே ஆண்டில், 1913-இல், இங்கிலாந்தின் சிறை மருத்துவர் சார்லஸ் கோரிங் பதில் சொன்னார். ஏறக்குறைய 3,000 கைதிகளை அளந்து, மாணவர்களோடும் சிப்பாய்களோடும் ஒப்பிட்டார். கைதிகள் கொஞ்சம் குள்ளம், எடை குறைவு. மற்றபடி குற்றவாளி முகம் என்று ஒன்று தென்படவே இல்லை.

புத்தகத்தில் அது தோற்றுவிட்டது. பேரங்காடியில்? நம்ம பையன்கள் நாலு பேர், ஒருத்தன் கையில் பச்சை, ஒருத்தன் காதில் கடுக்கன், சேர்ந்து நுழைந்தால் பாதுகாவலர் பின்னாலேயே வருகிறார். அந்தப் பச்சை முருகன் வேலாக இருந்தாலும் குண்டர் கும்பல் சின்னமாகத்தான் தெரிகிறது. நாமும் சளைத்தவர்கள் இல்லை. பக்கத்து வீட்டுப் பையனின் முடிவெட்டைப் பார்த்ததும், இவன் உருப்படமாட்டான் என்று தீர்ப்பு எழுதுவது நம்ம அத்தை மாமாக்கள்தானே!

வில்லெல்லாவின் ஊர்க்காரர்கள், எங்கள் ஆளின் மண்டையோட்டைத் திருப்பிக் கொடுங்கள், அடக்கம் செய்ய வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். 2012-இல் வென்றார்கள், மேல்முறையீட்டில் தோற்றார்கள். அது டூரின் அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. லொம்ப்ரோசோவும் அங்கேதான். தன் உடலை அறிவியலுக்கு எழுதி வைத்திருந்தார். அதே கட்டடத்தில், கண்ணாடிக்குப் பின்னால், அவருடைய எலும்புக்கூடும் நிற்கிறது.