பியானோ மேதை ஃபிரான்ஸ் லிஸ்ட்

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் புனைவியல் இயக்கம் கவிதையில் மலர்ந்த அதே பருவத்தில் இசையிலும் மலர்ந்தது. அவ்வியக்கத்தின் வேகத்தையும் வேட்கையையும் பியானோ என்னும் ஒரே கருவிக்குள் ஏற்றிக் காட்டியவர் ஃபிரான்ஸ் லிஸ்ட். செயற்கரிய விரல்திறனே அவருக்குப் புகழைத் தேடித் தந்தது. அத்திறன் எதன்பொருட்டு என்னும் வினா அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்தது.

1811ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள், அன்று ஹங்கேரியைச் சேர்ந்திருந்ததும் இன்று ஆஸ்திரியாவில் உள்ளதுமான ரைடிங் என்னும் சிற்றூரில் லிஸ்ட் பிறந்தார். தந்தை ஆதாம், எஸ்தர்ஹாசி பிரபுக் குடும்பத்தின் பண்ணை அலுவலர், இசையில் தோய்ந்தவர். மகனின் திறமையை உணர்ந்த அவர் 1822இல் குடும்பத்தோடு வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே பீத்தோவனின் மாணவரான செர்னி, சிறுவனின் ஆற்றலைக் கண்டு கட்டணம் பெறாமலே பியானோ கற்பித்தார். மறு ஆண்டு பாரிசுக்குச் சென்றபோது, அயல்நாட்டவர் என்னும் காரணத்தால் அந்நகர இசைக் கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ள மறுத்தது. அக்கல்லூரியின் தலைவராக இருந்த கெருபினியும் இத்தாலியிலிருந்து வந்தவரே. 1827இல் தந்தை மறைந்தார். பதினைந்து வயதுப் பிள்ளை, வீடு வீடாகச் சென்று பியானோ கற்பித்துத் தாயைக் காப்பாற்ற வேண்டியதாயிற்று.

1832 ஏப்ரலில், காலராவால் துயருற்றோருக்கு நிதி திரட்டப் பாரிசில் நடந்த பகனினியின் வயலின் கச்சேரி அவர் வாழ்வில் ஒரு திருப்பமாக அமைந்தது. நான்கு தந்திகளில் ஒரு மனிதன் இத்தனை செய்ய முடியுமாயின், பியானோவில் எவ்வளவு செய்யலாம் என்னும் எண்ணம் இருபது வயது இளைஞரைப் பற்றிக்கொண்டது. இரட்டைச் சுரங்கள், ஸ்தாயித் தாவல்கள், ஒரே சுரத்தை விரைந்து மீட்டும் அடிகள் ஆகியவற்றை நாள்தோறும் நான்கைந்து மணி நேரம் பயின்றார். விரல்கள் மட்டும் உழைத்தால் போதும் என்று அவர் கருதவில்லை. ஹோமரையும் பிளேட்டோவையும் விவிலியத்தையும், பைரன், ஹியூகோ, லாமர்த்தின் ஆகியோரையும் அதே மூச்சில் படித்தார். பள்ளிப்படிப்பு வாய்க்காதவருக்குக் கவிஞர்களே ஆசிரியர்களாயினர்.

காலமும் கருவியும் அவருக்குத் துணை நின்றன. 1821இல் எரார் நிறுவனம் காப்புரிமை பெற்ற புதிய இயக்கமுறையில், சுரக்கட்டை முழுவதும் மேலெழும் முன்பே சுத்தியல் மீண்டும் தந்தியைத் தாக்க முடிந்தது. முன்பு இயலாதிருந்த வேகம் இதனால் இயல்வதாயிற்று. பதினைந்தாம் வயதில் எழுதி வெளியிட்ட பன்னிரண்டு எளிய பயிற்சிப் பாடங்களை லிஸ்ட் 1837இல் மலைப்பூட்டும் பெரும் படைப்புகளாக மாற்றி எழுதினார். உலகில் பத்துப் பன்னிரண்டு பேரே வாசிக்கத் தக்கவை என்று ஷூமான் அவற்றை மதிப்பிட்டார். பகனினியின் வயலின் படைப்புகளைத் தழுவி எழுதிய ஆறு பயிற்சிகளைப் பின்னர்க் கிளாரா ஷூமானுக்குக் காணிக்கையாக்கினார்.

1839 முதல் 1847 வரை ஐரோப்பா முழுவதும் அவர் கச்சேரிகளால் அதிர்ந்தது. ஒரே கலைஞர் தனியாக ஒரு மாலை முழுவதையும் நடத்தும் முறையை நிலைநிறுத்தியவர் அவரே. 1841 இறுதியில் பெர்லின் சென்றவர் பத்து வாரங்களில் 21 கச்சேரிகள் நடத்தினார். அவர் கைபட்ட பொருளுக்காக ரசிகர்கள் போட்டியிட்டனர். கவிஞர் ஹைனே அந்தப் பித்துக்கு ஒரு பெயரே சூட்டினார். ஈட்டிய பொருளை அவர் தமக்கென வைத்துக்கொள்ளவில்லை. 1838இல் டான்யூப் வெள்ளத்தில் பெஸ்ட் நகரம் சீரழிந்தபோது வியன்னாவில் வாசித்து நிதி திரட்டினார். பான் நகரில் பீத்தோவனுக்குச் சிலை எழுப்ப 10,000 பிராங்குகள் வழங்கினார்.

புகழின் உச்சியில், 1847 செப்டம்பரில், எலிசவெத்கிராத் நகரில் வாசித்தபின், ஊதியத்துக்கு மேடையேறுவதை லிஸ்ட் நிறுத்திக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 35. வைமாரில் தங்கி இசையமைப்பிலும் பிறர் இசையை அரங்கேற்றுவதிலும் முனைந்தார். நாடுகடந்து வாழ்ந்த வாக்னரின் லோஹன்கிரின் 1850இல் அங்கே அவரால்தான் முதன்முதலாக அரங்கேறியது. ஒரு கவிதையையோ ஓவியத்தையோ உட்பொருளாகக் கொண்ட வாத்தியக் குழு இசைக்குச் சிம்பொனிக் கவிதை என்று அவரே பெயரிட்டார். பழைய பன்னிரண்டு பயிற்சிகளை மூன்றாம் முறை திருத்தி 1852இல் வெளியிட்டு, ஆசிரியர் செர்னிக்குக் காணிக்கையாக்கினார். இம்முறை அருமை காட்டுவதற்கென்றே இருந்த பல இடங்களை அவர் நீக்கியிருந்தார். இன்று பியானோ கலைஞர் பெரும்பாலும் வாசிப்பது இந்த வடிவத்தையே.

1853இல் முடித்த பி மைனர் சொனாட்டாவை ஷூமானுக்குக் காணிக்கையாக்கினார். அது அச்சேறி வந்தபோது ஷூமான் மனநோய் இல்லத்தில் இருந்தார். கிளாராவுக்கு அது வெற்று இரைச்சலாகவே பட்டது. இன்றோ புனைவியல் காலத்தின் தலைசிறந்த பியானோ படைப்புகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது.

மகன் தானியேல் 1859இலும் மகள் பிளாண்டின் 1862இலும் மறைந்தனர். துயரமும் பக்தியும் அவரை ரோமுக்கு ஈர்த்தன. 1865இல் திருச்சபையின் சிறு பட்டங்களை ஏற்றார். முதுமையில் வைமார், புடாபெஸ்ட், ரோம் என மாறி மாறி வாழ்ந்தபடி, நாடி வந்த மாணவர்க்கெல்லாம் கட்டணமின்றிக் கற்பித்தார். செர்னியிடம் பட்ட கடனை அவ்வாறு தீர்த்தார். கடைசி ஆண்டுகளில் எழுதிய சிறு படைப்புகளில் விரல்வித்தை இல்லை. 1881இல் இயற்றிய சாம்பல் மேகங்கள் என்னும் படைப்பைத் தொடக்க நிலை மாணவரும் வாசித்துவிடலாம். ஆனால் அதன் சுரச்சேர்க்கைகள் இருபதாம் நூற்றாண்டு இசைக்கு முன்னோடியாக நின்றன. அன்று அவற்றைக் கேட்பார் மிகச் சிலரே.

1886 ஜூலை 31ஆம் நாள், வாக்னர் இசைவிழா நடந்துகொண்டிருந்த பைராய்ட் நகரில் லிஸ்ட் காலமானார். அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். அவர் வாசிப்பின் ஒலிப்பதிவு எதுவும் எஞ்சவில்லை. ஐரோப்பாவைப் பித்தாக்கிய அந்த விரல்களின் ஓசை அவரோடு மறைந்தது. மும்முறை எழுதியும் நீக்கியும் அவர் செப்பனிட்ட ஏடுகளே இன்று பேசுகின்றன.