சிரிக்க வைத்த சந்திரபாபு

(பத்தாம் வகுப்பு மாணவி)

இசைக்கு மயங்காத உயிரும் உண்டோ? பழைய பாட்டு உயர்ந்ததா, புதிய பாட்டு உயர்ந்ததா என்னும் வழக்கு எங்கள் வருசநாட்டு வீடுகளில் நாள்தோறும் நடப்பதுதான். தாத்தா பாட்டியர் ஒரு கட்சி. பேரப்பிள்ளைகள் மறு கட்சி. இந்த வழக்கில் இரு கட்சியாரும் தம் பக்கம் சாட்சிக்கு அழைக்கக்கூடிய ஒருவர் இருக்கிறார். அவர்தாம் ஜே. பி. சந்திரபாபு.

இவர் 1927-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தார். அந்நகரின் பனிமய மாதாவை நினைந்து பெற்றோர் இட்ட பெயர் பனிமயதாசன். தந்தை ரொட்ரிக்ஸ் விடுதலைப் போராட்ட வீரர். ‘சுதந்திர வீரன்’ என்னும் பத்திரிகையை நடத்தியவர். ஆங்கில அரசின் கோபத்துக்கு ஆளானதால் குடும்பம் இலங்கைக்குச் சென்றது. சந்திரபாபுவின் பள்ளிப் பருவம் கொழும்பில் கழிந்தது. 1943-இல் குடும்பம் சென்னைக்குத் திரும்பியது.

ஆடவும் பாடவும் நடிக்கவும் ஒருங்கே தெரிந்த இளைஞருக்குத் திரையுலகக் கதவு எளிதில் திறக்கவில்லை. 1947-இல் ‘தன அமராவதி’யில் ஒரு சிறு வேடம் கிடைத்தது. அதன்பின் மீண்டும் காத்திருப்பு, பசி, ஏமாற்றம். 1952-இல் ஜெமினி ஸ்டூடியோவில் மனமுடைந்து தம் உயிரையே போக்கிக்கொள்ள முயன்றார். நல்லவேளையாகக் காப்பாற்றப்பட்டார். பின்னர் எஸ். எஸ். வாசன் ‘மூன்று பிள்ளைகள்’ படத்தில் அவருக்கு வாய்ப்பளித்தார். அன்று அவர் மறைந்திருந்தால் தமிழ்நாடு எத்தனை சிரிப்பை இழந்திருக்கும்!

அவர் பாட்டில் அப்படி என்ன புதுமை? 1930-களில் அமெரிக்காவில் ‘ஸ்விங்’ என்றோர் ஆட்ட இசை எழுந்தது. டியூக் எலிங்டன், பென்னி குட்மன் போன்றோரின் குழுக்கள் எக்காளமும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் முழங்க அதை வாசித்தன. தாளத்தைச் சீராகத் தட்டாமல், சற்றே இழுத்து, ஊஞ்சல்போல் அசைய விடுவது அதன் இயல்பு. கேட்பவர் கால் தானாக ஆடும். அத்தகைய மேனாட்டு ஆட்ட இசையின் அசைவைத் தமிழ்ச் சொற்களுக்கு ஊட்டியவர்களில் சந்திரபாபு முன்னணியில் நின்றார்.

‘யோடலிங்’ என்னும் முறையையும் அவர் கையாண்டார். அடிக்குரலிலிருந்து உச்சக்குரலுக்கும் உச்சத்திலிருந்து அடிக்கும் குரலை உடைத்து உடைத்துத் தாவ விடுவது அது. ஆல்ப்ஸ் மலை மேய்ப்பர்கள் ஒரு குன்றிலிருந்து மறு குன்றுக்குச் சேதி சொல்லப் பயன்படுத்திய குரல். ஆடு மேய்ப்பவர் மலைச்சரிவில் நின்று கூவி அழைப்பதைக் கேட்டு வளர்ந்த எங்களுக்கு இது ஒன்றும் அந்நியமாகத் தோன்றவில்லை.

‘சபாஷ் மீனா’ (1958) படத்தில் அவர் இரட்டை வேடம் ஏற்றார். ரிக்‌ஷாக்காரராக வந்து பேசிய சென்னைத் தமிழ் திரையரங்கையே அதிர வைத்தது. 1959-இல் ‘சகோதரி’ படத்தை எடுத்து முடித்த பிறகு, அதில் சிரிப்பு போதவில்லை என்று கருதிய ஏ. வி. எம். நிறுவனத்தார், பால்காரராக அவரை நடிக்க வைத்துப் புதுக் காட்சிகளைச் சேர்த்தனர். ‘அன்னை’ (1962) படத்திலோ சிரிக்க வைத்த அதே குரல் சிந்திக்கவும் வைத்தது.

இனி நம் வழக்குக்கு வருவோம். அன்றைய கலைஞரின் புகழை அளக்கத் திரையரங்கின் கைத்தட்டலும் இசைத்தட்டும் இலங்கை வானொலியும் இருந்தன. இன்று கைப்பேசி இருக்கிறது. தேனி மாவட்டத்தைப் பூர்வீகமாகக் கொண்ட நடிகர் தனுஷ் 2011-இல் பாடிய கொலவெறிப் பாட்டை இணையத்தில் கேட்டவர் எண்ணிக்கை பத்துக் கோடியையும் தாண்டிச் சென்றது. சந்திரபாபுவின் காலத்தில் அத்தகைய கணக்கே இல்லை. ஆகவே எண்களை வைத்து இருவரையும் ஒப்பிடுவது மரக்காலையும் முழக்கோலையும் ஒப்பிடுவது போலாகும். ஆனால் உறவு புலப்படுகிறது. நடிகரே தம் குரலில், விளையாட்டாக, மேனாட்டுத் தாளத்தில் பாடும் வழியில் சந்திரபாபு அன்றே நடந்து காட்டியிருக்கிறார். இன்றைய இளைஞர்களும் தொலைக்காட்சி மேடைகளில் அவர் பாட்டைப் பாடுகிறார்கள். பழையது புதியதற்குப் பகையன்று, பாட்டனார்.

அன்புத் தோழியரே, இத்துடன் கதை முடிந்திருந்தால் மகிழ்ச்சியே. ஆனால் புகழ் அவர் வாழ்வைக் காக்கவில்லை. இல்வாழ்க்கை நிலைக்கவில்லை. படம் தயாரிக்க முயன்று பெரும்பொருளை இழந்தார். 1966-இல் ‘தட்டுங்கள் திறக்கப்படும்’ படத்தை அவரே இயக்கி நடித்தும் பொருள்நிலை சீர்படவில்லை. மதுப்பழக்கம் உடலை அரித்தது. 1974-ஆம் ஆண்டு மார்ச் மாதம், தம் 46-ஆம் வயதில் அவர் மறைந்தார். சென்னையில் குயிபிள் தீவுக் கல்லறைத் தோட்டத்தில் துயில்கிறார்.

ஆயிரம் பேர் கைதட்டுவது வேறு. ஒருவர் அருகில் அமர்ந்து நலம் விசாரிப்பது வேறு. முன்னது சந்திரபாபுவுக்கு நிரம்பக் கிடைத்தது. பின்னது வேண்டிய வேளையில் போதவில்லை. நம் வகுப்பிலும் எல்லோரையும் சிரிக்க வைக்கும் தோழி ஒருத்தி இருப்பாள். அவளுக்குக் கவலையே இல்லை என்று நாமாக முடிவு செய்துவிடுகிறோம். அவள் வேடிக்கைக்குச் சிரிப்பதோடு நில்லாமல், அவள் சாப்பிட்டாளா, நன்றாக இருக்கிறாளா என்றும் கேட்போம். பழைய பாட்டோ புதிய பாட்டோ, பாடியவரையும் நேசிக்கக் கற்றுக்கொள்வோமாக!