பச்சையப்ப முதலியார்

செல்வராவார் யாவர் என்னும் வினாவுக்குப் பச்சையப்ப முதலியார் சரித்திரம் நல்விடையாகும். இவர் 1754ஆம் ஆண்டிலே பிறந்தார். பிறக்குமுன்னரே தந்தையார் இறந்தமையால், தாயார் பிறராதரவிலே இவரை வளர்த்தார். பின்பு சென்னபட்டணத்திலே துபாஷித் தொழிலாற் பெரும்பொருளீட்டி, அதனை ஆலயங்களுக்கும் தருமங்களுக்கும் மரணசாசனத்தால் உரிமையாக்கி, 1794ஆம் ஆண்டிலே தேகவியோகமடைந்தார்.

அப்பொருளோ வழக்கிலே சிக்கி நெடுங்காலம் பெரும்பாலும் பயனின்றிக் கிடந்தது. அதனைக் கைக்கொண்டிருந்தோர் பெயரை இன்று அறிவார் அரியர். நீதிஸ்தலத்தின் தீர்ப்புப் பெற்றபின், 1842ஆம் ஆண்டிலே அப்பொருள்கொண்டு சென்னையிலே பாடசாலையொன்று திறக்கப்பட்டது. ஏழைச் சிறுவர் அங்கே பொருள் கொடாது கற்றனர். அன்றே அது செல்வமாயிற்று.

உபாத்தியாயர்காள்! பூட்டிவைத்த பொருளுடையார் வறியரே. வேதனஞ் சிறிதாயினும், கற்றதை நாடோறும் பிள்ளைகளுக்கு வழங்கும் நீவிர் உம்மை வறியரென்று எண்ணாதிருப்பீராக.